பிளேனோ பள்ளி மாவட்டம்: பள்ளிகள் மூடப்படும் ஊரில் வீடு வாங்கலாமா?

புதுமனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடையில் நியூ ஜெர்சியிலிருந்து டாலஸ் பகுதிக்குக் குடிபெயர இருக்கிறோம். அலுவலகம் பிளேனோவின் லெகசி பகுதியில் இருப்பதால், பிளேனோ ஐ.எஸ்.டி. எனப்படும் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்குள் வீடு வாங்குவது என்றே நினைத்திருந்தோம். மூத்தவள் மூன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். இளையவனுக்கு நான்கு வயது. இணையத்தில் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கிய ஒரு தொடக்கப்பள்ளியின் எல்லைக்குள் ஒரு வீட்டைக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்ட நிலையில், இந்த மாவட்டம் நான்கு பள்ளிகளை மூடிவிட்டது என்ற செய்தியை ஓர் உறவினர் அனுப்பினார். நல்ல பள்ளி மாவட்டம் என்று பெயர் பெற்ற ஊரில் ஏன் பள்ளிகளை மூடுகிறார்கள்? இது சரிவின் அறிகுறியா? ஃப்ரிஸ்கோ, பிராஸ்பர், செலினா என்று வடக்கே போய்விடுவது நல்லதா? அங்கே வசிப்பவர்கள் தயவுசெய்து விளக்க வேண்டும்.

பழைய_பிளேனோ எழுதியது:

நண்பரே, மூடப்பட்ட பள்ளிகள் எவை என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2024 ஜூன் மாதத்தில் பள்ளி வாரியம் வாக்கெடுத்து, டேவிஸ், ஃபோர்மன் ஆகிய இரண்டு தொடக்கப்பள்ளிகளையும், ஆம்ஸ்ட்ராங், கார்ப்பெண்டர் ஆகிய இரண்டு நடுநிலைப்பள்ளிகளையும் மூட முடிவெடுத்தது. ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2024-25 கல்வியாண்டின் இறுதியில் அவை மூடப்பட்டன. இவற்றுள் எதுவும் கல்வித்தரம் குறைந்ததால் மூடப்படவில்லை. படிக்கப் பிள்ளைகள் போதவில்லை; காரணம் அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஊரின் வயதைப் பார்க்க வேண்டும். 1960-இல் பிளேனோவின் மக்கள்தொகை நான்காயிரத்தைக்கூடத் தொடவில்லை. 1970-இல் சுமார் 18 ஆயிரம், 1980-இல் 72 ஆயிரம், 2000-இல் 2 லட்சத்து 22 ஆயிரம் என்று பருத்திக்காடு முப்பது நாற்பது ஆண்டுகளில் நகரமானது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒரு குடியிருப்பு முழுவதும் ஒரே காலத்தில் கட்டப்பட்டு, ஒரே வயதுப் பெற்றோர், ஒரே வயதுப் பிள்ளைகளோடு வந்து குடியேறினார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவே நடந்துபோகும் தூரத்தில் தொடக்கப்பள்ளிகள் எழுந்தன. இப்போது அந்தப் பிள்ளைகள் வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள்; பெற்றோர் அதே வீட்டில், கடனை அடைத்துவிட்டு, குறைந்த வட்டிக்கு வாங்கிய வீட்டை விற்க மனமில்லாமல் இருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் வீட்டையும், கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தம்பதியரால் இன்றைய விலைக்கு வாங்க முடிவதில்லை. என் தெருவில் பள்ளிப் பேருந்து நிற்கும் மூலையில் ஒரு காலத்தில் இருபது பிள்ளைகளாவது நிற்பார்கள். இப்போது பேருந்து பெரும்பாலான நாள்களில் வேகம் குறைக்காமலே போய்விடுகிறது.

2010-களின் தொடக்கத்தில் 55 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை இன்று 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. பிளேனோவில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். தெற்கே ரிச்சர்ட்ஸன் மாவட்டம் 2024-இல் தொடக்கப்பள்ளிகளை மூடியது. மேற்கே லூயிஸ்வில் மாவட்டம் அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து தொடக்கப்பள்ளிகளை மூட வாக்களித்தது. நம்மவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வீடு வாங்கிய காப்பெல் மாவட்டத்திலும் பிங்கர்ட்டன் தொடக்கப்பள்ளி மூடப்பட்டது. ஆகவே இதைப் பிளேனோவின் வீழ்ச்சி என்று சொல்வதைவிட, ஒரு தலைமுறைப் புறநகர்களுக்கு வயதாகிறது என்று சொல்வதே பொருந்தும்.

செலினா_சாலை எழுதியது:

பழைய_பிளேனோ ஐயா சொல்வதில் தகவல் சரி. ஆனால் புதிதாக வருகிறவர் எதற்காக வயதான புறநகரில் பணத்தைப் போட வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நாங்கள் பிராஸ்பர் ஐ.எஸ்.டி. எல்லைக்குள் இருக்கிறோம். எல்லாப் பள்ளிகளும் புதியவை. ஆய்வகங்கள், இசைக்கூடங்கள், விளையாட்டுத் திடல்கள் என்று எதிலும் குறை சொல்ல முடியாது. தெரு முழுக்கப் பிள்ளைகள். செலினா 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையே சொல்லியிருக்கிறது. அதே பணத்துக்குப் பெரிய வீடும் கிடைக்கும். பள்ளியை மூடுவார்களோ என்ற கவலையில்லாமல் பிள்ளைகள் படித்து முடிக்கலாம்.

பழைய_பிளேனோ எழுதியது:

மூடுவார்களோ என்ற கவலை இல்லைதான். ஆனால் எல்லையை மாற்றுவார்களோ என்ற கவலை உங்கள் பக்கத்தில் எங்களைவிட அதிகம் அல்லவா? வேகமாக வளரும் மாவட்டத்தில் ஒவ்வொரு புதிய பள்ளி திறக்கும்போதும் பழைய பள்ளியின் எல்லை வெட்டப்படுகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூத்த பிள்ளை ஒரு தொடக்கப்பள்ளியிலும் இளைய பிள்ளை வேறொன்றிலும் படித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். இப்போது இளமையாக இருக்கும் ஃப்ரிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளைச் சிறிதாக வைத்திருக்க வேண்டும் என்ற கொள்கையால் பன்னிரண்டு உயர்நிலைப்பள்ளிகளைக் கட்டிய மாவட்டம் அது. பன்னிரண்டாவதான பேந்தர் கிரீக் 2022-இல்தான் திறந்தது. அங்கேயும் ஊரின் பழைய பகுதியிலிருந்த ஸ்டேலி நடுநிலைப்பள்ளி மூடப்பட்டுவிட்டது. ஒரு முனையில் திறப்பு விழா, மறுமுனையில் மூடுவிழா. செலினாவுக்கும் இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த முறை வரும். அப்போது உங்கள் பிள்ளைகள் பள்ளியில் இருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் வீட்டை விற்க வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

வரிக்கணக்கு எழுதியது:

மக்கள்தொகை பற்றிப் பேசிவிட்டீர்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் பள்ளி மாவட்டம் என்பது நகராட்சியின் ஒரு துறை அன்று. தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியமும், வரி விதிக்கும் அதிகாரமும், எல்லையும் கொண்ட தனி அரசமைப்பு அது. நகர எல்லையும் மாவட்ட எல்லையும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியே கிடையாது. பிளேனோ நகரத்துக்குள் ஃப்ரிஸ்கோ, லூயிஸ்வில், ஆலன் மாவட்டங்களைச் சேர்ந்த துண்டுகள் உண்டு. மறுபுறம் மர்ஃபி நகரத்தின் பெரும்பகுதியும், டாலஸ், ரிச்சர்ட்ஸன் நகரங்களின் சில பகுதிகளும் பிளேனோ ஐ.எஸ்.டி.க்குள் வருகின்றன. ஆகவே அஞ்சல் முகவரியில் பிளேனோ என்று இருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாவட்டத்தின் இணையதளத்தில் வீட்டு எண்ணை இட்டு, எந்தப் பள்ளி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தரகர் சொல்வதை எழுத்தில் வாங்கினாலும் அது மாவட்டத்தைக் கட்டுப்படுத்தாது.

இந்த மாநிலத்தில் வருமான வரி இல்லை என்று மகிழ்ச்சியோடு வருகிறவர்களை அக்டோபர், நவம்பரில் வரும் சொத்து வரிச் சீட்டு திடுக்கிட வைக்கும். அதில் மிகப் பெரிய வரி பள்ளி மாவட்டத்துக்கு உரியது. பிளேனோ ஐ.எஸ்.டி.யின் வரி விகிதம் அண்மைக் காலத்தில் 100 டாலர் மதிப்புக்கு ஒரு டாலரை ஒட்டி இருந்துவருகிறது. குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் கிடைக்கும் விலக்கை 2023-இல் வாக்காளர்கள் 40 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் டாலராகவும், 2025 நவம்பரில் 1 லட்சத்து 40 ஆயிரமாகவும் உயர்த்தினார்கள். ஐந்தரை லட்சம் டாலர் வீடு என்றால் 4 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வரி. அதாவது பள்ளிக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,100 டாலர்.

இந்தப் பணம் முழுவதும் உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குப் போகிறதா என்றால், இல்லை. அங்கேதான் ராபின் ஹூட் வருகிறார். பணக்காரரிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கும் கதைத் திருடனை நினைத்து ஊரார் வைத்த பெயர் அது. சட்டத்தில் அதற்கு மீட்பு என்று பெயர். இதன் வேர் சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வசித்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் வேறு சில பெற்றோரும், சொத்து மதிப்புக் குறைந்த ஊரில் எவ்வளவு உயர்ந்த விகிதத்தில் வரி கட்டினாலும் பள்ளிக்குப் போதிய பணம் சேர்வதில்லை என்று 1968-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த வழக்கைத் தள்ளியது. அதன்பின் மாநில நீதிமன்றத்தில் எட்ஜ்வுட் மாவட்டம் வழக்காடியது. 1989-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம், மாநில அரசமைப்புச் சட்டம் கோரும் திறமையான பள்ளி அமைப்பு இதுவன்று என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் செய்துபார்த்த சில ஏற்பாடுகள் நீதிமன்றத்தில் நிற்காமல் போய், கடைசியில் 1993-இல் பிறந்ததே இன்றைய முறை: சொத்து வளம் மிகுந்த மாவட்டம், தனக்கு உரியதாக மாநிலம் கணக்கிடும் தொகைக்கு மேல் வசூலாகும் வரியை மாநிலத்திடம் கொடுத்துவிட வேண்டும். பெரிய நிறுவனங்களின் அலுவலகங்கள் பல உள்ள பிளேனோ, இவ்வாறு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கும் மேல் கொடுத்துவந்திருக்கிறது.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாவட்டத்துக்கு உரிய தொகை மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஊரில் வீட்டு விலை ஏறுகிறது, வசூல் ஏறுகிறது; ஆனால் பிள்ளைகள் குறைவதால் உரிய தொகை இறங்குகிறது; இடைப்பட்ட பணம் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குப் போகிறது. மாணவருக்கான அடிப்படைத் தொகை 2019-இல் 6,160 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. நடுவில் வந்த விலைவாசி உயர்வை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சட்டமன்றம், 2025-இல் அதற்கு 55 டாலர் கூட்டியது. ஆசிரியர் ஊதியத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியிருந்தாலும், பாதி காலியான கட்டடத்துக்கும் ஒரு தலைமையாசிரியர், ஒரு செவிலியர், ஒரு நூலகர், குளிர்சாதனச் செலவு எல்லாம் முழுதாகவே ஆகும். வாரியம் பள்ளிகளை மூடியதற்கு இதுவே கணக்கு.

கிழக்குப்பக்கம் எழுதியது:

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பள்ளிகள் என்பதைத் தேர்ந்தெடுப்பது வெறும் கணக்கு அன்று. மூடப்பட்ட நான்கில் ஃபோர்மனும் ஆம்ஸ்ட்ராங்கும் 75-ஆம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, வருமானம் குறைந்த குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதியில் இருந்தவை. டேவிஸ் பள்ளியிலோ காது கேளாத பிள்ளைகளுக்கான வட்டாரத் திட்டம் நடந்துவந்தது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களும், சைகை மொழியில் தங்களோடு பேசக் கற்றுக்கொண்ட பிற பிள்ளைகளும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது எளிதில் அமைவதில்லை. திட்டம் வேறு பள்ளிக்கு மாறும் என்பது உண்மை; அந்தச் சூழல் கூடவே மாறிப் போகுமா என்பதே பெற்றோர் கேட்டது. இரண்டு கார்கள் உள்ள வீட்டுக்குப் பள்ளி இரண்டு மைல் தள்ளிப் போவது சிறு தொல்லை. காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகும் தாய்க்கு, நடந்துபோன பிள்ளை இனி யாரோடு போவது என்பது பெரிய கேள்வி.

ராபின் ஹூட்டைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர் கூட்டங்களில் அதை எவரோ நம் சட்டைப்பையில் கை வைப்பதுபோலப் பேசுகிறார்கள். எட்ஜ்வுட்டில் ஒரு தந்தை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியதன் பலன் அது என்பதை மறந்துவிடுகிறோம்.

வரிக்கணக்கு எழுதியது:

அந்தத் தந்தையின் கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. என் குறை வேறு. மீட்கப்படும் பணம் ஏழை மாவட்டத்துக்கு நேராகக் கூடுதலாகப் போய்ச் சேர்வதில்லை. மாநிலத்தின் பள்ளி நிதிக்குள் போய், மாநிலம் தன் பொதுக் கருவூலத்திலிருந்து தர வேண்டிய பங்கைக் குறைத்துக்கொள்ள உதவுகிறது. மாணவர்களில் பெரும்பாலோர் ஏழைகளாக உள்ள ஹூஸ்டன் மாவட்டமே, நகரமையத்துக் கட்டடங்களின் மதிப்பால் பணக்கார மாவட்டமாகக் கணக்கிடப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டிவந்தது. 2016 நவம்பரில் அந்நகர வாக்காளர்கள் கொடுக்க மாட்டோம் என்று வாக்களித்தார்கள். கொடுக்காவிட்டால் விலை உயர்ந்த வணிகக் கட்டடங்களையே வேறு மாவட்டத்தின் வரிக்கணக்கில் சேர்த்துவிடுவோம் என்று மாநிலம் சொன்னதும், 2017 மே மாதத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு விநோதம். அன்றாடச் செலவுக்கான வரிதான் மீட்புக்கு உட்பட்டது. கட்டடங்களுக்காக வெளியிடும் கடன் பத்திரத்தை அடைப்பதற்கான வரி உட்பட்டதன்று. ஆகவே ஆசிரியருக்கு ஊதியம் கூட்ட முடியாத மாவட்டம் அரங்கம் கட்டலாம். பக்கத்து ஆலன் மாவட்டம் 2012-இல் 6 கோடி டாலர் செலவில் 18 ஆயிரம் பேர் அமரும் உயர்நிலைப்பள்ளிக் கால்பந்து அரங்கைத் திறந்தது. கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடி, சீரமைத்து, அடுத்த ஆண்டு மீண்டும் திறந்தது.

செலினா_சாலை எழுதியது:

அரங்கங்களுக்காக எங்களைக் கேலி செய்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். 2023-இல் பிராஸ்பர் மாவட்டம் கேட்ட பெரும் கடன் பத்திரத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான பகுதியை ஏற்ற வாக்காளர்களே, 9.4 கோடி டாலர் அரங்கத்தை நிராகரித்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ஃப்ரிஸ்கோ வாக்காளர்கள் வரி உயர்வு, கடன் பத்திரங்கள் எல்லாவற்றையுமே மறுத்துவிட்டார்கள். வடக்கே உள்ளவர்கள் கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர்கள் அல்லர்.

இரு_கல்லூரிப்_பிள்ளைகள் எழுதியது:

தொடக்கப்பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்து வீடு வாங்கும் நண்பருக்கு, உயர்நிலைப்பள்ளி பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பிளேனோவின் அமைப்பு தனித்தன்மை கொண்டது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் ஒரு பள்ளியில்; பதினொன்று, பன்னிரண்டு இன்னொரு பெரிய பள்ளியில். ஜாஸ்பர், ஷெப்டன் இரண்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் பிளேனோ வெஸ்ட் சீனியர் பள்ளியில் சேர்கிறார்கள். கிளார்க், வைன்ஸ் பள்ளிகளிலிருந்து பிளேனோ சீனியருக்கு. மெக்மில்லன், வில்லியம்ஸ் பள்ளிகளிலிருந்து பிளேனோ ஈஸ்டுக்கு. சீனியர் பள்ளியில் ஓர் ஆண்டு மாணவர்களே ஆயிரம் பேருக்கும் மேல் இருப்பார்கள். பாடத் தேர்வுகள் மிகுதி, இசைக்குழுக்கள் சிறப்பானவை. ஆனால் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் சுபாவமுள்ள பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பில் மீண்டும் ஒரு புதுப்பள்ளி என்பது கடினம்.

தரவரிசையையும் நினைவில் வையுங்கள். 1997-இல் வந்த சட்டத்தின்படி, வகுப்பில் முதல் பத்து விழுக்காட்டில் வருகிறவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே அந்த வரம்பு ஆறு விழுக்காடாக இருந்து, 2026 இலையுதிர்கால மாணவர்களுக்கு ஐந்தாகச் சுருங்கிவிட்டது. ஆகவே எல்லாரும் படிக்கும் பிள்ளைகளாக உள்ள பள்ளியைத் தேடிப்போய் வீடு வாங்கிவிட்டு, பிள்ளை முதல் ஐந்து விழுக்காட்டில் வரவில்லையே என்று பதினோராம் வகுப்பில் அவளைத் திட்டுகிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு ஒன்பது என்ற எண் பெருமளவுக்குத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டுகிறது. தேர்வு மதிப்பெண்ணோ பெருமளவுக்குப் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் காட்டுகிறது. உங்கள் வீட்டில் உள்ளதையே அந்த எண் உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறது. ஆசிரியர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பது அதில் இல்லை.

நடுவர் எழுதியது:

தனிப்பட்ட பெற்றோரையும் தரகர்களையும் பெயர் சொல்லி விமரிசித்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. மாவட்டத்தையும் பள்ளிகளையும் பற்றி மட்டும் தொடரவும்.

வகுப்பறை எழுதியது:

நான் இப்பகுதி மாவட்டம் ஒன்றில் மாற்று ஆசிரியையாகப் போய்வருகிறேன். புதுமனை நண்பருக்கு நான்கு வயது மகன் இருப்பதால், சேர்க்கை நாளில் நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சேர்க்கைப் படிவங்களோடு வீட்டு மொழி பற்றிய ஒரு தாள் வரும். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், பிள்ளை என்ன மொழி பேசுகிறது என்று கேட்பார்கள். அந்த மேசையருகே ஒரு தாய் முதலில் தமிழ் என்று எழுதியதை, பக்கத்தில் நின்ற தோழி காதில் ஏதோ சொன்னதும், அடித்துவிட்டு ஆங்கிலம் என்று எழுதியதைப் பார்த்தேன். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் நம்மவரிடையே பரவலாக உள்ளது. நடப்பது அதுவன்று. வேறு மொழி என்று எழுதினால் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிப்பார்கள். நன்றாகப் பேசினால் அத்தோடு முடிந்தது. பேசவில்லையென்றால் ஆங்கில உதவி கிடைக்கும். அதற்காக மாநிலம் பள்ளிக்குக் கூடுதல் பணமும் தரும். அதோடு, டெக்சஸில் நான்கு வயது முன்மழலை வகுப்பு எல்லாருக்கும் இலவசம் அன்று. வருமானம் குறைந்தோர், படைவீரர் குடும்பத்தினர் போன்ற சில பிரிவினருக்கே உண்டு. ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் இயலாத பிள்ளை அப்பிரிவுகளில் ஒன்று. தனியார் மழலையர் பள்ளிக்கு மாதந்தோறும் பெருந்தொகை கட்டும் நம் வீடுகளில், பாட்டியோடு தமிழே பேசி வளர்ந்த பிள்ளைக்கு இந்த உரிமை இருப்பது பலருக்குத் தெரியவில்லை.

பணம் பற்றிய பேச்சில் விட்டுப்போன ஒன்றும் உண்டு. டெக்சஸ் மாநிலம் பள்ளிப் பதிவேட்டிலுள்ள பெயர்களுக்குப் பணம் தருவதில்லை. சராசரி அன்றாட வருகைக்கே தருகிறது. டிசம்பரில் விமானக் கட்டணத்துக்குப் பயந்து ஒரு வாரம் முன்னதாகவே சென்னைக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் பள்ளியின் வருவாயில் ஒரு சிறு துளையிட்டுவிட்டே போகிறது. போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். தாத்தா பாட்டியைப் பார்க்காமல் பிள்ளை வளரக் கூடாது. ஆனால் வகுப்பு நடந்த நாள்களில் 90 விழுக்காடு வருகை இருந்தால்தான் அந்த ஆண்டுத் தேர்ச்சி என்ற விதி உண்டு. நீண்ட பயணம் என்றால் அலுவலகத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கிழக்குப்பக்கம் எழுதியது:

சகோதரி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேனோ வாரியத்தில் ஏழு பேர். ஊதியம் கிடையாது, நான்காண்டுப் பதவி, மாவட்டம் முழுவதும் சேர்ந்தே ஒவ்வொருவரையும் தேர்ந்தெடுக்கிறது, ஒற்றைப்படை ஆண்டுகளில் மே மாதத்தில் தேர்தல். நம்மில் எத்தனையோ பேர் விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவர்கள். ஆண்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் டாலர் பள்ளி வரி கட்டுகிறோம், வாக்கு இல்லை. ஆனால் வாய் இருக்கிறது. வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் பொதுமக்களைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று 2019-இல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. அதற்குக் குடியுரிமை தேவையில்லை. முன்கூட்டிப் பெயர் கொடுத்துவிட்டால் சில நிமிடங்கள் கிடைக்கும். பள்ளி மூடல் பற்றிய விவாதங்களில் மேடையேறிய பெற்றோரோடு ஒப்பிட்டால், குடியுரிமை பெற்று வாக்குரிமையும் உள்ள நம்மவர்களின் கூட்டம் வாட்ஸ்ஆப் குழுவில்தான் இருந்தது. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இரு_கல்லூரிப்_பிள்ளைகள் எழுதியது:

வாரியத்தைப் பற்றிப் பேசும்போது 2025 மே மாதத்தில் கையெழுத்தான தனியார் பள்ளி உதவித்தொகைச் சட்டத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 2026-27 முதல் 100 கோடி டாலர் அதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பிளேனோவைச் சுற்றித் தனியார் பள்ளிகளுக்குக் குறைவில்லை என்பதால், மாணவர் எண்ணிக்கை இன்னும் இறங்க இதுவும் ஒரு காரணமாகலாம்.

புதுமனை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நாங்கள் பார்த்து வைத்திருந்த வீடு எண்பதுகளில் கட்டப்பட்ட குடியிருப்பில் உள்ளது. அந்தத் தொடக்கப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கை கட்டடத்தின் கொள்ளளவைவிட எவ்வளவு குறைவு என்பதை எங்கே பார்ப்பது? அந்த 1 லட்சத்து 40 ஆயிரம் விலக்கு, வாங்கிய முதல் ஆண்டிலேயே கிடைக்குமா? நாங்கள் இன்னும் விசாவில்தான் இருக்கிறோம்.

பழைய_பிளேனோ எழுதியது:

மூடலுக்கு முன் நடந்த ஆய்வின்போது பள்ளிவாரியாக மாணவர் எண்ணிக்கையும் கொள்ளளவும் வாரியத்தின் முன் வைக்கப்பட்டன. அவை கூட்ட ஆவணங்களில் பொதுவில் உள்ளன. மழலையர் வகுப்பில் எத்தனை பிரிவுகள், ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிரிவுகள் என்று பள்ளிக்கே தொலைபேசியில் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பில் நான்கும் மழலையர் வகுப்பில் இரண்டும் என்றால் ஆய்வறிக்கை தேவையில்லை. அப்படியே இருந்தாலும் வீட்டை விட்டுவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். மூத்தவள் இரண்டாண்டில் நடுநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள். அந்த வீடு எந்த நடுநிலைப்பள்ளிக்கும் எந்த சீனியர் பள்ளிக்கும் போகிறது என்பதே உங்களுக்கு முக்கியம். அவற்றைப் பார்த்து விலை பேசுங்கள்.

வரிக்கணக்கு எழுதியது:

விலக்குக்குக் குடியுரிமை தேவையில்லை. அந்த வீடே உங்கள் முதன்மைக் குடியிருப்பாக இருக்க வேண்டும், டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தில் அதே முகவரி இருக்க வேண்டும். ஆகவே குடியேறியதும் முதல் வேலையாக உரிமத்தை மாற்றிவிட்டு, காலின் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். முன்பெல்லாம் அடுத்த ஜனவரி முதல் நாள்வரை காத்திருக்க வேண்டும். 2022 முதல், அந்த ஆண்டில் பழைய உரிமையாளர் அதே விலக்கைப் பெற்றிருக்கவில்லையென்றால், வாங்கிய ஆண்டிலேயே உங்களுக்குக் கிடைக்கும். விண்ணப்பம் இலவசம். பணம் கொடுத்தால் விண்ணப்பித்துத் தருகிறோம் என்று வீட்டுக்குக் கடிதங்கள் வரும். அவற்றைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.